300 டாலர் லிமிட் கார்டு: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் கவனத்துக்கு

அமெரிக்கா வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லையா? தபால் பெட்டியில் கிடக்கும் அந்தக் கவரைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் பெயர் அச்சிட்டு, "கிரெடிட் ஹிஸ்டரி இல்லையா, பரவாயில்லை" என்று வருமே, அந்தக் கவர்தான்.

நான் டெக்சாஸில் இருக்கிறேன். சென்னையில் பத்து வருடம் வேலை பார்த்தவள். வீட்டுக் கடனில் ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை. ஆனால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்கு அங்கே தரும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோரை இங்கே நான் போன எந்த வங்கியும் கண்டுகொள்ளவில்லை. சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கியிலேயே கிரெடிட் கார்டு கேட்டேன். வரலாறு போதாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனாலும் ஸ்கோர், கார் இன்சூரன்ஸ் கேட்டாலும் ஸ்கோர். அந்த நேரத்தில்தான் அந்தக் கவர் வந்தது. அவசரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

லிமிட் 300 டாலர். ஆண்டுக் கட்டணம் 75 டாலர். கார்டு கைக்கு வரும்போதே அந்த 75 கணக்கில் ஏறியிருந்தது. அதாவது நான் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன்பே மிச்சம் 225தான். அது ஏன் சரியாக 75 என்று அப்புறம் தேடிப் பார்த்தேன். 2009-இல் இங்கே கிரெடிட் கார்டுகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கணக்குத் திறந்த முதல் ஆண்டில் வாங்கும் கட்டணங்கள், தாமதக் கட்டணம் போன்றவை தவிர, லிமிட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது அது. 300-இல் 25 சதவீதம் 75. வாடிக்கையாளரைக் காப்பாற்றப் போட்ட உச்சவரம்பு வரை அப்படியே வந்து நின்றிருக்கிறார்கள். அந்த வரம்பு முதல் ஆண்டுக்கு மட்டும்தான். என் ஒப்பந்தத்தில் இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணத்தோடு மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் சின்ன எழுத்தில் இருந்தது.

கட்டணத்தைக்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை உடைத்தது வேறு.

முதல் மாதம் மளிகை, பெட்ரோல் என்று 190 டாலர் செலவு. கட்டணத்தோடு மொத்தம் 265. டியூ டேட்டுக்கு ஆறு நாள் முன்னதாகவே, ஒரு வியாழக்கிழமை, முழுத் தொகையையும் வங்கிக் கணக்கிலிருந்து கட்டினேன். மறுநாளே பணம் என் கணக்கிலிருந்து போய்விட்டது. ஆப்பில் பேலன்ஸ் 0 என்று காட்டியது. நிம்மதியாக இருந்தேன்.

அடுத்த செவ்வாய் இரவு பையனுக்குக் காது வலி, காய்ச்சல். டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். மருந்துக் கடையில் இன்சூரன்ஸ் போக என் பங்கு 48 டாலர். கார்டை வைத்தேன், ஏற்கவில்லை. இன்னொரு முறை வைத்தேன், அதே சிவப்பு எழுத்து. கவுன்டரில் இருந்த பெண் குரலைத் தாழ்த்தி, "வேறு கார்டு இருக்கிறதா?" என்று கேட்டார். பையன் என் தோளில் சூடாகச் சாய்ந்திருக்கிறான். பின்னால் நான்கு பேர். ஆப்பைத் திறந்தேன். பேலன்ஸ் 0. அதற்குக் கீழே, அதுவரை நான் கவனிக்காத ஒரு வரி: செலவழிக்கக் கிடைக்கும் தொகை 35 டாலர். டெபிட் கார்டில் 22 டாலர்தான் இருந்தது. வாடகை போன வாரம், சம்பளம் வெள்ளிக்கிழமை. என் 265 டாலர் என்னிடமும் இல்லை, கார்டிலும் இல்லை. பக்கத்துக் குடியிருப்பு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பணம் கட்டி மருந்தை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் கஸ்டமர் கேரில் நாற்பது நிமிடம் காத்திருந்தேன். "புதுக் கணக்கு என்பதால் பேமென்ட் 14 நாள் ஹோல்டில் இருக்கும் மேடம்" என்றார்கள். பணம் வெள்ளிக்கிழமையே எடுக்கப்பட்டுவிட்டதே என்றேன். எங்களுக்கு வந்துவிட்டது, லிமிட் மட்டும் திறக்கவில்லை என்றார்கள். வங்கி ஸ்டேட்மென்ட் அனுப்பினேன். ஒன்றும் மாறவில்லை.

ஹோல்டுக்கு ஒரு காரணம் உண்டு என்பதை மறுக்கவில்லை. காலிக் கணக்கிலிருந்து பணம் கட்டியதாகக் காட்டி, லிமிட் திறந்ததும் மறுபடி செலவு செய்து ஓடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கணக்கில் பணம் இல்லையென்றால் அந்தப் பேமென்ட் பொதுவாக இரண்டு வங்கி வேலை நாட்களுக்குள் திரும்பிவிடும். அதற்கு 14 நாள் எதற்கு? சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. பணம் வந்த தேதியிலேயே அதை வரவு வைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது வட்டியும் தாமதக் கட்டணமும் ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. லிமிட்டை எப்போது திறப்பது என்பதை கம்பெனி தன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறது. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபியிடம் ஆன்லைனில் புகார் கொடுத்தேன். கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. அந்த ஒப்பந்த வரியை எடுத்துக்காட்டி முடித்துவிட்டார்கள்.

ஸ்கோருக்காகத்தானே இதையெல்லாம் சகித்தேன்? அங்கேயும் அடி. ஸ்டேட்மென்ட் வரும் நாளில் இருக்கும் பேலன்ஸ்தான் வழக்கமாக, ஒவ்வொருவரின் கடன் வரலாற்றைச் சேகரித்து வைக்கும் கிரெடிட் பீரோக்களுக்குப் போகிறது. 300-இல் 265 என்றால் 88 சதவீதம். இங்கே பரவலாகப் பார்க்கப்படும் ஃபைகோ ஸ்கோரில் சுமார் 30 சதவீதம் எவ்வளவு கடன் நிலுவை என்பதைப் பொறுத்தது. முழுசாகக் கட்டியவள் நான். அறிக்கையில் கழுத்துவரை கடனில் நிற்பவள் போலத் தெரிந்தேன். அதைக் குறைக்க ஸ்டேட்மென்ட்டுக்கு முன்பே கட்டினால், அந்தப் பணமும் 14 நாள் ஹோல்டுக்குப் போகும்.

இன்னொன்று. இப்படிப்பட்ட கார்டைப் பெட்ரோல் பங்கில் பம்பில் செருகாதீர்கள். எவ்வளவு போடுவீர்கள் என்று தெரியாததால் முன்கூட்டியே ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், அது 100 டாலருக்கு மேலேகூடப் போகும். 300 டாலர் லிமிட்டில் அது பெரிய ஓட்டை. உள்ளே போய் கவுன்டரில் கட்டுங்கள்.

நான் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டியது செக்யூர்ட் கார்டு, அதாவது டெபாசிட் வைத்து வாங்கும் கார்டு. அக்காதான் சொன்னார். அவர் கணக்கு வைத்திருந்த கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி மாதிரி) 500 டாலர் டெபாசிட் வைத்தேன், 500 டாலர் லிமிட் கொடுத்தார்கள், ஆண்டுக் கட்டணம் இல்லை. டெபாசிட் என் பணம், கணக்கை முடிக்கும்போது திரும்ப வரும். அந்த 75 டாலர் வராது. பேமென்ட் கட்டிய மூன்றாவது நாள் லிமிட் திறந்தது. எல்லா இடத்திலும் இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பேமென்ட் ஹோல்ட் எத்தனை நாள்? இரண்டாம் ஆண்டு மொத்தக் கட்டணம் எவ்வளவு? மூன்று பெரிய கிரெடிட் பீரோக்களுக்கும் தகவல் போகிறதா?

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள், இரண்டாம் ஆண்டுக் கட்டணம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னதாக மூடிவிடுங்கள். நான் பதினோராவது மாதம் மூடினேன். போனில் சொன்னதோடு விடாமல், கணக்கு மூடப்பட்டது, பாக்கி 0 என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதம் வரும்வரை மாதாமாதம் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பாருங்கள். எனக்கு மூடச் சொன்ன பிறகும் ஒரு கட்டணம் ஏறியது. திரும்பப் பெற இரண்டு கடிதம் எழுத வேண்டியிருந்தது.