‘ஸ்லெங் டெங்’ மறுபதிப்பு: பெட்டி ஸ்பீக்கர் இருந்தால் வாங்கலாம்

வெய்ன் ஸ்மித் பாடி, கிங் ஜாமி தயாரித்து, 1985-இல் ஜமைக்காவில் வெளியான ‘அண்டர் மீ ஸ்லெங் டெங்’ என்னும் பாடலின் ஏழு அங்குல வினைல் இசைத்தட்டு மறுபதிப்பு ஒன்று அண்மையில் கைக்கு வந்தது. கிங்ஸ்டனில் அன்று அச்சான முதல் பதிப்பு, கீறலும் தேய்மானமும் இல்லாமல் கிடைப்பது மிக அரிது. ஆகவே இத்தகைய மறுபதிப்புகள்தாம் இராமநாதபுரம் கரையோரத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு வழி. தட்டு வாங்கத் தக்கதே; ஆனால் மேசை மேல் வைக்கும் சிறிய ஸ்பீக்கரில் கேட்கப் போகிறவர்கள் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். இந்தப் பாடலின் உயிர் பேஸ் என்னும் கனத்த அடியொலியில் இருக்கிறது.

அந்த பேஸை யாரும் கிட்டாரில் வாசிக்கவில்லை. 1981-இல் வந்த கேசியோ எம்டி-40 என்னும் சிறிய கீபோர்டில், ‘ராக்’ என்று எழுதியிருக்கும் தாளப் பொத்தானுக்குள் அது முன்பே பதிந்திருந்தது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் ஆலயப் பாடகர் குழுவுக்குத் துணையாகக் கேசியோவின் தாளப் பொத்தானைத் தட்டிவிட்டு வாசிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தாளத்தை அமைத்தவர், இசைக் கல்லூரியில் ஜமைக்காவின் ரெகே இசை பற்றியே ஆய்வேடு எழுதிவிட்டு கேசியோவில் வேலைக்குச் சேர்ந்த ஒகுடா ஹிரோகோ என்னும் ஜப்பானியப் பெண். ஜமைக்க இசைக் கலைஞர் நோயல் டேவியின் கீபோர்டில் டேவியும் வெய்ன் ஸ்மித்தும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அகப்பட்ட அந்தத் தாளத்தை, ஜாமி வேகம் குறைத்து ரெகேயின் நடைக்குக் கொண்டுவந்தார். 1985 பிப்ரவரி 23 அன்று இரவு, கிங்ஸ்டனின் வால்தம் பார்க் சாலையில் ஜாமியின் சவுண்ட் சிஸ்டத்துக்கும் பிளாக் ஸ்கார்பியோ என்னும் இன்னொரு சவுண்ட் சிஸ்டத்துக்கும் நடந்த மோதலில் இப்பாடல் இறங்கியது. திருவிழாவில் இரண்டு ரேடியோ செட்டுக்காரர்கள் எதிரெதிரே பெட்டிகளை அடுக்கி ஒருவரை ஒருவர் அமுக்கப் பார்ப்பது போன்ற போட்டி அது. அதன் பிறகு ஜமைக்க ஸ்டுடியோக்களில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் மெல்ல ஓரம் கட்டப்பட்டன. ஜாமிக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கிங் டபியே அதே ஆண்டில் ‘டெம்போ’ என்னும் மின்னணுத் தாளத்தோடு பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி தட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஒலி சுத்தமாக இருக்கிறது. ஜமைக்காவின் பழைய அச்சுகளில் பாட்டு தொடங்கும் முன்பே கேட்கும் பொரியும் சத்தம் இதில் இல்லை. தட்டில் ஒலி நல்ல சத்தமாக வெட்டப்பட்டிருப்பதால், ஆம்ப்ளிஃபயரின் வால்யூமை வழக்கமான இடத்திலிருந்து சற்றுக் குறைத்தே வைக்க வேண்டியிருந்தது. வெய்ன் ஸ்மித்தின் குரலில் ‘ச’கர ஒலிகள் வரும் இடங்களில் மட்டும் ஒரு கூர்மை தெரிகிறது, முள் தேய்ந்திருந்தால் அது காதைக் குத்தும்.

பெரிய குறை வேறொன்று. என்னிடம் வந்த பிரதியில் நடுத்துளை நடுவில் இல்லை. தட்டு சுற்றும்போது முள் தாங்கும் கை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை உள்ளே போய் வெளியே வருவது கண்ணுக்கே தெரிகிறது. அதனால் சுருதி ஏறி இறங்குகிறது. பழைய திரைப்பாட்டு இ.பி. தட்டுகளிலும் இந்தக் குறை உண்டு, ஆனால் வயலினும் குரலும் இயல்பிலேயே அசைபவை என்பதால் காது அதைப் பொறுத்துக்கொள்ளும். கேசியோவின் சுரம் அப்படி அசையாது. கம்பி இழுத்து வைத்தாற்போல் நேராக நிற்கும். ஆகவே துளை ஒரு மயிரிழை விலகினாலும், கடைசிச் சுற்றுகளை நெருங்க நெருங்க, பேஸ் குடித்தவன் நடையாகிவிடுகிறது. மின்னணு இசையை அச்சிடுகிறவர்கள் மற்றவர்களைவிட இதில் அதிகக் கண்டிப்பு காட்ட வேண்டும் என்பது என் எண்ணம். துளை பெரியதாக இருப்பதால், அதற்குள் பொருத்தும் அடாப்டரை மயிரளவு தள்ளி வைத்துத் தட்டை நடுவுக்குக் கொண்டுவர ஓரளவு இடமிருக்கிறது என்பதுதான் ஆறுதல்.

கீழக்கரையில் நெடுங்காலமாக ரேடியோ செட் வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவரின் கிட்டங்கியில் இதை உரக்க ஒலிக்கவிட்டுப் பார்த்தோம். முதலில் குழாய் ஸ்பீக்கரில் போட்டார். நாகூர் அனிபாவின் குரலை ஊரின் மறுகோடிக்குக் கொண்டுசேர்க்கும் அதே குழாயில், ஸ்லெங் டெங்கின் எலும்பு மட்டும்தான் வந்தது: டிரம்மின் சொடுக்கும் குரலும் கேட்டன, பேஸ் போன இடம் தெரியவில்லை. “தம்பி, இதுக்குக் குழா சரிப்படாது, பாக்ஸுல போடுவோம்” என்று 18 இன்ச் பெட்டிகளுக்கு மாற்றினார். தகரக் கதவு அதிரத் தொடங்கியதும், தெருவில் மீன் வண்டியை நிறுத்திக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். குழாய் பேச்சுக்கும் பாட்டின் சொல்லுக்கும் ஆனது. ஜமைக்காவின் பெட்டிகளோ பேஸை நெஞ்சில் இறக்குவதற்கென்றே கட்டப்பட்டவை. அந்தப் பெட்டிகளை மனத்தில் வைத்துச் செய்த பாடலை அவ்வாறே கேட்டால்தான் நியாயம்.

காக்காவுக்குப் பிடித்தது பின்பக்கம், எனக்கும் அதுவே. ஜமைக்க வழக்கப்படி அங்கே குரலை எடுத்துவிட்டு, தாளத்தை மட்டும் வைத்துக்கொண்ட ‘வெர்ஷன்’ இருக்கிறது. மைக் பிடித்தவர் அதன் மேல் தன் சொந்த வரிகளைப் பாடிக்கொள்வதற்காக விடப்பட்ட வெற்றிடம் அது. டெனர் சாவின் ‘பம்ப்கின் பெல்லி’, ஜானி ஆஸ்போர்னின் ‘படி பை’ என்று நூற்றுக்கணக்கான பாடல்கள் இதே தாளத்தின் மேல் ஏறி வந்திருக்கின்றன. முன்பக்கப் பாடல் கஞ்சாவைப் புகழ்ந்து கொக்கெய்னைத் தள்ளுவது; வீட்டில் பிள்ளைகளோடு கேட்பவர்கள் பின்பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நடுத்துளை ஜமைக்க அளவில், ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் அகலமானது. நம் வீடுகளில் இருக்கும் பழைய பிளேயர்களின் சிறிய தண்டுக்கு அது பொருந்தாது. அடாப்டர் உடன் வரவில்லை, தனியே வாங்க வேண்டும். வெறும் காகித உறையில் வருவதால், உள்ளே பிளாஸ்டிக் உறை ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடுவது நல்லது. வாடைக்காற்றுக் காலத்தில் காகிதம் ஈரத்தை உறிஞ்சித் தட்டில் பூஞ்சை படரவிடும். கச்சான் காற்று வீசும் காலத்தில் அதே காகிதத்துக்குள் மணல் புகுந்து தடத்தை அரிக்கும். பார்சல் வந்த அன்றே பிரித்து, தட்டைச் சமதளத்தில் வைத்து வளைவு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கோடை வெயிலில் வண்டியில் கிடந்த தட்டு வளைந்து வந்தால், கெடு முடிவதற்குள் திருப்பி அனுப்பலாம்.