ரெண்டு 970-ஆ, ஒரே 1070-ஆ?

2016 கடைசியில் என்னிடம் ஒரு ஜிடிஎக்ஸ் 970 இருந்தது, கேம் ஆட என்விடியாவின் கிராஃபிக்ஸ் கார்டு. அதே கார்டு செகண்ட்ஹேண்டில் மலிவாக வந்தது. அதை வாங்கி எஸ்எல்ஐ போடுவதா (இரண்டு கார்டையும் ஒரே கணினியில் சேர்த்து ஓட்டுவது), இருப்பதை விற்று மேலே காசு போட்டு அடுத்த தலைமுறை 1070 எடுப்பதா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். எடுத்தது 1070. ஆகவே இதில் நடுநிலை எதிர்பார்க்காதீர்கள்.

கரண்ட் கணக்கு எளிது. 970 ஒன்றுக்கு 145 வாட், இரண்டுக்கு 290. 1070-க்கு 150 போதும். என் பழைய 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸே (கணினியின் பவர் சப்ளை) தாங்கியது. சூடும் அப்படித்தான்: கீழ்க் கார்டு விடும் அனலை மேல் கார்டு இழுக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது மெமரி. 4 ஜிபி கார்டு இரண்டு போட்டால் 8 ஜிபி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆகாது. எஸ்எல்ஐயில் பெரும்பாலும் ஒரு ஃபிரேமை, அதாவது திரையில் ஓடும் படங்களில் ஒன்றை, இந்தக் கார்டு வரையும், அடுத்ததை அந்தக் கார்டு. இரண்டும் வரைவது ஒரே காட்சியைத்தான் என்பதால் டெக்ஸ்சர் (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) எல்லாம் இரண்டிலும் ஒவ்வொரு நகல் இருந்தாக வேண்டும். காசு இரண்டு கார்டுக்கு, மெமரி அதே 4. அதிலும் 970-இன் கடைசி அரை ஜிபி மெதுவானது என்பது 2015 ஜனவரியிலேயே சந்தி சிரித்த கதை. 1070-இல் 8 ஜிபியும் ஒழுங்கான 8 ஜிபி. டெக்ஸ்சரை உச்ச தரமான அல்ட்ராவில் வைத்து மெமரி நிரம்பிவிட்டால் எத்தனை கார்டு இருந்தும் திணறல்தான்.

வேகத்தில் ஜோடியைக் குறை சொல்ல மாட்டேன். நன்றாக ஒத்துழைக்கும் கேம்களில் இரண்டு 970 சேர்ந்து 1070-ஐ முந்தும். கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளில் அந்த கேமுக்கு ப்ரொஃபைல் (வேலையை எப்படிப் பிரிப்பது என்ற அமைப்பு) இல்லையென்றால் இரண்டாவது கார்டு பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருக்கும். நண்பன் வீட்டு ஜோடியில் இரண்டு வார இறுதி ஆடியதுதான் என் அனுபவம், ஆனாலும் படம் விட்டு விட்டு ஓடிய அந்தத் தட்டல் மறக்கவில்லை. திரை மூலையில் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 ஃபிரேம்) என்கிறது. கேமராவைத் திருப்பினால் 40 மாதிரி இருக்கிறது. ஒரு ஃபிரேம் 8 மில்லிசெகண்டில், அடுத்தது 25-இல் என்று மாறி மாறி வந்தாலும் சராசரி 60 தானே. கண்ணுக்குச் சராசரி தெரியாது.

2021 ஜனவரி 1 முதல் புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் சேர்ப்பதையே என்விடியா நிறுத்திவிட்டது. நண்பன் அதற்கு முன்பே ஒன்றைக் கழற்றித் தம்பிக்குக் கொடுத்துவிட்டான்.

கேமுக்கல்ல, வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டத்தான் கார்டு என்றால் என் மெமரி வாதம் செல்லாது. அங்கே மாடலின் அடுக்குகளைப் பிரித்து இரண்டிலும் ஏற்றலாம். 24 ஜிபி உள்ள என்விடியா 3090 கார்டு இரண்டு போட்டால் 48 ஜிபி கணக்குதான், இரண்டையும் இணைக்கும் பிரிட்ஜ்கூட வேண்டாம்.