லேசர் போட்டால் ஒட்டிவிடும் என்றார்கள்

என் இடது கண்ணுக்கு மைனஸ் 9 பவர். சென்ற ஆவணியில் அந்தக் கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டியது. கொசுக்கூட்டம் போலக் கரும்புள்ளிகள் மிதந்தன. மூன்றாம் நாள் மூக்கோரமாகக் கீழிருந்து கறுப்பாக ஏதோ ஏறத் தொடங்கவும், ஊரிலுள்ள தனியார் கண் மருத்துவமனைக்கு ஓடினேன்.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர், "விழித்திரை கிழிந்திருக்கிறது. லேசர் போட்டால் ஒட்டிவிடும், பத்து நிமிட வேலை" என்றார். 12,000 ரூபாய் கட்டினேன். நான்கு நாளில் கறுப்பு இன்னும் ஏறியது. "லேசர் பிடிக்க இரண்டு வாரம் ஆகும்" என்று சொல்லி மீண்டும் லேசர், மீண்டும் 12,000. ஒன்பதாம் நாள் காலை, எதிரில் நின்ற மனைவிக்கு முகமே இல்லை.

மதுரையில் வேறு மருத்துவரிடம் போனபோதுதான் புரிந்தது. லேசர் சுடும் இடத்தில் தழும்பு உண்டாகி, விழித்திரை பின்சுவரோடு ஒட்டுகிறது. அதற்குத் திரை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெறும் கிழிசலுக்கு அது அருமையான சிகிச்சை. ஆனால் என் கண்ணில் கிழிசல் வழியே நீர் புகுந்து திரையே உப்பி எழுந்திருந்தது. உப்பிய சுண்ணாம்பின் மேல் வெள்ளையடித்த கதைதான். இரண்டு வாரக் கணக்கும் பொய்யில்லை, ஒட்டியிருக்கும் திரைக்கு அது சரி.

அங்கே விட்ரெக்டமி செய்தார்கள். கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றி, திரைக்கு அடியிலிருந்த நீரை எடுத்துச் சமப்படுத்திய பிறகுதான் கிழிசலைச் சுற்றி லேசர் போட்டார்கள். தழும்பு இறுகும்வரை திரையைத் தாங்கிப் பிடிக்க சிலிக்கான் எண்ணெய். பல நாள் குப்புறப் படுத்தே கிடந்தேன். எண்ணெயை எடுக்க இன்னோர் அறுவை பாக்கி இருக்கிறது. மேக்குலா என்னும் நடுப்பகுதியும் கழன்றுவிட்டதால், பார்வை முழுதாகத் திரும்பாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். இன்று அந்தக் கண்ணுக்குப் பலகையின் மேல் இரண்டு வரிதான் தெரிகிறது.

பிறகு முதல் மருத்துவமனையின் கோப்பைக் கேட்டு வாங்கினேன். முதல் நாள் தாளிலேயே 'விழித்திரை விலகல், மேக்குலா ஒட்டியுள்ளது' என்று எழுதியிருக்கிறது! தெரிந்தேதான் வைத்திருந்தார்கள். அங்கே விழித்திரை அறுவை செய்பவரே கிடையாது; அன்றே மதுரைக்கு அனுப்பியிருக்கலாம். லேசர் என்று சொன்னால், கிழிசல் மட்டுமா, திரை விலகியிருக்கிறதா, மேக்குலா ஒட்டியிருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "லேசர் போட்டோம் அல்லவா?" என்றார்கள்.