குளியலறைக்குக் கட்டட அனுமதி: வன்னிப் பிரதேச சபைகளின் சேவை எப்படி?

வன்னியில் மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கட்டிய வீடுகள் பலவற்றில் மலசலகூடம் வளவின் பின்மூலையில் தனியாக நிற்கிறது. மாரி இரவில் முதியவர்கள் சேற்றுக்குள்ளால் அதுவரை நடக்க வேண்டும். அதனால் வீட்டோடு ஒட்டிக் குளியலறை எடுப்பவர்கள் இப்போது அதிகம். மேசன் கிடைத்த அன்றே அத்திவாரம் வெட்டிவிட்டு, வங்கிக் கடனுக்கு அங்கீகரித்த பிளான் கேட்கும்போதுதான் பலர் பிரதேச சபைப் படி ஏறுகிறார்கள். வேலை தொடங்கிய பின் போனால் தண்டப்பணமும் சேரும்.

எதற்கு அனுமதி வேண்டும்? 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. மாபிள் மாற்றுவது, பழைய இடத்திலேயே புதுக் கொமட் வைப்பது, குழாய்த் தலை மாற்றுவது எல்லாம் பராமரிப்பு. அவற்றுக்கு விண்ணப்பம் தேவையில்லை. புதிதாக அறை சேர்த்தால், கூரை இறக்கினால், வெளிச்சுவர் எழுப்பினால் தேவை. வீட்டின் உள் அமைப்பை மாற்றும்போது கழிவுநீர்ப் போக்கோ காற்றோட்டமோ மாறினாலும் தேவை. படுக்கையறையின் ஒரு மூலையைத் தடுத்துக் குளியலறை ஆக்குவதும் இதற்குள் வந்துவிடும். "உள்ளுக்குள்தானே கட்டுகிறோம்" என்று இருந்துவிடக் கூடாது.

இந்தச் சேவையில் பலவீனமான பகுதி கவுண்டர். என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதை ஒரே தாளில், ஒரே தடவையில் கொடுத்தால் பாதி அலைச்சல் குறையும். பிளானின் பிரதிகள், காணி உறுதி, நில அளவைப் படம், வரி கட்டிய பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதி ஆகியவை எங்கும் கேட்பவை. வன்னியில் பெரும்பாலான காணிகள் உறுதிக் காணிகள் அல்ல. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்த அனுமதிப்பத்திரக் காணிகள். அப்படியானால் பிரதேச செயலகத்தின் கடிதமும் கேட்கப்படலாம். அதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு சபைக்குப் போங்கள். கட்டணம் சபைக்குச் சபை, பரப்பளவுக்கு ஏற்ப வேறுபடும்.

பலமான பகுதி பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நேரில் வந்து பார்ப்பது. இதற்காகவே அனுமதி எடுக்கலாம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி இருக்கிறதா என்று அவர் பார்ப்பார். உங்கள் கிணறு மட்டும் கணக்கில்லை, பக்கத்து வளவுக் கிணறும் கணக்குத்தான். 50 அடி ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அது ஏறத்தாழ 7,850 சதுர அடி. இரண்டு பரப்புக் காணியோ 5,445 சதுர அடிதான். சின்ன வளவில் குழிக்கு இடம் கிடைப்பது ஏன் கஷ்டம் என்பது இதில் விளங்கும். விண்ணப்பம் திரும்பி வரும் முக்கியமான காரணமும் இதுவே: பிளானில் சொந்தக் கிணற்றைக் குறிப்பார்கள், அயல் கிணற்றையும் அயல் குழியையும் விட்டுவிடுவார்கள். நாடாவைப் பிடித்து அளந்து எல்லாவற்றையும் குறியுங்கள்.

ஓகஸ்டில் வெட்டிய குழி காய்ந்து கிடக்கிறதே என்று ஏமாறாதீர்கள். மார்கழியில் நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்பதைக் கிணற்றுக் கட்டில் படிந்திருக்கும் நீர்க்கோடு காட்டும். ஊறல் குழியின், அதாவது கழிவுநீர் மண்ணுக்குள் ஊறி இறங்கும் குழியின், அடி அந்தக் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மாரியில் கொமட்டுத் தண்ணீர் இறங்காது, கழிவு நேரே கிணற்றுக்குப் போகும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் தண்ணீர் வடிகட்டப்படாமலே வேகமாக ஓடும், அங்கே இடைவெளியை இன்னும் கூட்டுவது நல்லது. அடி திறந்த கொங்கிறீற் வளையங்களை இறக்கிவிட்டு அதையே "செப்டிக் ராங்" என்று பிளானில் எழுதுவது பிழை. ராங்கின் அடியும் சுவரும் நீர் புகாதவையாக இருக்க வேண்டும். இரண்டு அறை, முதல் அறை மூன்றில் இரண்டு பங்கு, அதன் பிறகே ஊறல் குழி. குளிக்கும் தண்ணீரை ராங்குக்குள் விடாதீர்கள். வேகமாக வரும் தண்ணீர் அடியில் படிந்த கசட்டைக் கலக்கி ஊறல் குழிக்குத் தள்ளிவிடும், குழி அடைத்துப்போகும். அதற்குத் தனிக் குழி காட்டுங்கள். கொமட் பைப் 110 மில்லிமீற்றர், சரிவு 10 அடிக்கு 3 அங்குலம். கழிவகற்றும் பவுசரின் குழாய் எட்டும் இடத்தில் ராங் இருக்கட்டும்.

தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பார்த்த பின் கோப்பு திட்டமிடல் குழுவுக்குப் போகும். குழு கூடும் திகதியைக் கேட்டு, அதற்கு முன்பே குறைகளைத் தீர்த்துக் கொடுங்கள். ஒரு கடிதம் பிந்தினால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்க வேண்டியதுதான். அனுமதி ஒரு வருடத்துக்குச் செல்லும். வேலை இழுபட்டால் அந்தக் காலம் முடியுமுன் நீடிப்புக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும், அங்கீகரித்த பிளான்படியே கட்டப்பட்டது என்று சபை கொடுக்கும் அமைவுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பலர் இதைத் தவறவிடுகிறார்கள். ராங்கின் மூடியைப் போட்டு மண் மூடுவதற்கு முன்பே சபைக்கு அறிவித்து, உள்ளே இரண்டு அறையும் பைப் வாய்களும் தெரியக் காட்டுங்கள். மூடிய பிறகு வந்தால் திரும்பத் தோண்டச் சொல்லவும் கூடும்.