ஆர்டர் புத்தகத்தை மூடி 4 ஆண்டுகள்

கார்பன் தாள் வைத்து எழுதிய ஆர்டர் புத்தகத்தை நிறுத்திவிட்டு, எங்களுக்கென்றே செய்து வாங்கிய மென்பொருளுக்கு மாறி 4 ஆண்டுகள் ஆகின்றன. விற்பனைப் பிரதிநிதிகள் அனுப்பும் ஆர்டர்களைச் சரிபார்த்துக் கிடங்குக்கு அனுப்புவது என் வேலை. நாள் முழுக்க அந்தத் திரைக்கு முன்னால்தான் இருக்கிறேன்.

முன்பு ஒவ்வோர் ஆர்டருக்கும் 3 பிரதி. கடைசிப் பிரதியில் இருப்பது 1-ஆ 7-ஆ என்று புரியாமல் எழுதியவருக்கே போன் போடுவோம். சரக்கு இருக்கிறதா என்று கேட்டால் ஒருவர் உள்ளே போய் எண்ணிவிட்டு வரவேண்டும். பழைய பாக்கியைக் கட்டாதவருக்கு மறுபடியும் கடனில் சரக்கு போனது மாதக் கடைசியில்தான் தெரியும். இந்தத் தொல்லைகள் எல்லாம் சீக்கிரமே ஓய்ந்தன.

எங்களைப் படுத்தியது வேறொன்று. புத்தகத்தின் ஓரத்தில் நிறைய எழுதி வைப்போம். 'முழுசாகச் சேர்ந்தால் மட்டும் அனுப்பு', 'போன தடவை உடைந்து வந்த 2 பெட்டியை இதில் கழி', 'இறக்குவதற்கு முன் போன் செய்'. மென்பொருள் செய்தவர்கள் தாளில் இருந்த கட்டங்களைப் பார்த்து வடிவமைத்தார்கள். ஓரத்தைப் பற்றி நாங்களும் சொல்லவில்லை. அதெல்லாம் ஒரு தகவல் என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. அதனால் முதல் சில மாதங்கள் திரையைச் சுற்றி ஒட்டுத்தாள்தான். பிறகு குறிப்பு எழுத ஓர் இடம் கொடுத்தார்கள், ஆனால் கிடங்கில் அச்சாகும் சீட்டில் அது வரவில்லை. அதையும் சொல்லிச் சரிசெய்த பிறகுதான் ஒட்டுத்தாள் ஒழிந்தது.

இன்னொரு பெரிய தலைவலி, ஒரே ஆர்டர் இரண்டு முறை பதிவானது. சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் பிரதிநிதியின் போன் ஆர்டரை அனுப்பும். அது இங்கே வந்து சேர்ந்திருக்கும், ஆனால் 'வந்துவிட்டது' என்ற பதில் போனுக்குப் போய்ச் சேராது. போன் மறுபடி அனுப்பும். ஆர்டர் எழுதும்போதே போனில் அதற்கென ஒரு தனி எண் உருவாகி, அதே எண் மறுமுறை வந்தால் ஏற்கக் கூடாது என்று மாற்றியதும் சரியானது.

விலையிலும் ஒரு பாடம் படித்தோம். பொருளுக்கு இன்றைய விலை மட்டும் பதிவாகியிருந்ததால், விலையை மாற்றியவுடன் பழைய பில்லைத் திறந்தாலும் புதிய விலையே காட்டியது. பில் போடும் நாளின் விலை அந்தப் பில்லோடு சேர்ந்தே பதிவாக வேண்டும். இதை முதல் பேச்சிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், மூல நிரல், அதாவது மென்பொருளை உருவாக்க நிரலாளர் எழுதும் வரிகள், யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எங்களுக்கு எழுதிக் கொடுத்த நிரலாளர் நடுவில் வேறு வேலைக்குப் போய்விட்டார். நிரல் எங்கள் கையில் இருந்ததால்தான் வேறொருவரால் தொடர முடிந்தது.

மாறப்போகிறவர்கள் வெற்றுப் படிவத்தைக் காட்டாதீர்கள். போன மாதம் எழுதிய புத்தகத்தை, அடித்தல் திருத்தலோடு, மென்பொருள் செய்பவரோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். எங்களிடம் திரும்பி வரும் சரக்கின் பதிவு மட்டும் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. அடுத்து அதை மாற்றப் போகிறோம். அந்த நோட்டின் ஓரங்களை இப்போதே படித்துக்கொண்டிருக்கிறேன்.