மூன்று சக்கர மீட்டியோர் 350: குமரி ரோடுகளில் நீண்டகாலப் பயன்பாடு

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காலை ஊன்றி வண்டியைத் தாங்க முடியாத ஒருவர், களியக்காவிளைக்கும் கன்னியாகுமரிக்கும் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்றால், ராயல் என்ஃபீல்டின் மீட்டியோர் 350 போன்ற டூரிங் பைக்கை (தூரப் பயணத்துக்கான பைக்) மூன்று சக்கரமாக்குவது நல்ல வழி. பைக்கின் சுகம் அப்படியே இருக்கும், கூடுதலாக ஒரு சக்கரம் வரும், அவ்வளவுதான் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வளைவில் சாயும் வண்டி வேறு, சாயாத வண்டி வேறு. மாற்றியபின் வரும் செலவு, தேய்மானம், பயம் எல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. உடல் குறைபாடு உள்ளவருக்காக வண்டியைத் தகவமைப்பது இதற்கு விதிவிலக்கு. அப்படி மாற்றிய வண்டியை அவர் மட்டுமே, அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தலாம். மாற்றியதை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். டி.என்.74 என்றால் நாகர்கோவில், டி.என்.75 என்றால் மார்த்தாண்டம். லைசென்ஸிலும் தகவமைத்த வாகனத்துக்கு வகுப்பு தனி. வெல்டிங் தொடங்கும் முன்பே வரைபடத்தோடு மோட்டார் வாகன ஆய்வாளரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். முடித்தபின் போய் நின்றால், அகலத்தைக் குறை என்று ஒரு வார்த்தை சொன்னாலும் புதிய பின் ஆக்ஸில் (சக்கர அச்சு) முழுவதும் வீண். ஆர்.சி.யில் ஏறாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பக்கம் வாதாட ஒன்றும் இருக்காது.

இனி வண்டி. மீட்டியோர் 350-இன் சீட் உயரம் 765 மி.மீ. பின்னால் இரட்டை ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக். மாற்றத்துக்கு மூன்றுமே வசதி. எடை 191 கிலோ. ஆக்ஸில், டிஃபரன்ஷியல் (வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு), இரண்டு சக்கரம், ஃபிரேம் எல்லாம் ஏறியபின் 280 கிலோவைத் தொடும்.

ஸ்கூட்டர்களுக்குப் போடுகிற பக்கச் சக்கரத்தை இதற்குப் போட வேண்டாம். அதில் பழைய பின்சக்கரம் நடுவில் அப்படியே இருக்கும், இரண்டு பக்கமும் துணைச் சக்கரம் வரும். ரோடு நடுவில் கொஞ்சம் பள்ளமாக இருந்தால் எடை முழுவதும் பக்கச் சக்கரங்களில் ஏறி, இழுக்க வேண்டிய நடுச்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்து மண்பாதையில் ஒரு மழைக்காலம் ஓட்டினாலே இது தெரிந்துவிடும். நகருக்குள் ஸ்கூட்டரில் 40 கி.மீ. வேகத்துக்குள் போவதற்கு அது சரி, டூரிங்குக்குச் சரிப்படாது.

ஆகவே பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டு, டிஃபரன்ஷியலோடு கூடிய ஆக்ஸில். டிஃபரன்ஷியல் இல்லாமல் ஒரே ஷாஃப்ட்டில் இரண்டு சக்கரத்தையும் பூட்டினால் வளைவில் வண்டி நேராகவே போகப் பார்க்கும், டயர் உரசித் தீரும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் இழுவை கொடுப்பது இன்னொரு மலிவு வழி: இடது சக்கரம் இழுத்தால் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது வலப்பக்கம் இழுக்கும், விட்டால் இடப்பக்கம். மழையில் அது ஆபத்து.

டிஃபரன்ஷியலைச் சரி நடுவில் வைக்க வேண்டும் என்று லேத்காரர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். அப்படி வைத்தால் செயின் கோடு விலகும், நடுவில் ஒரு ஜாக் ஷாஃப்ட் (ஒரு செயினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் இடைத்தண்டு), இன்னொரு செயின், இரண்டு பேரிங் கூடும். இன்ஜின் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேராக டிஃபரன்ஷியலைத் தள்ளி வைத்து, இரண்டு பக்க ஹாஃப் ஷாஃப்ட்டை (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டு) வேறுவேறு நீளத்தில் எடுப்பதே மேல். பார்க்க ஒருமாதிரி இருக்கும், ஆனால் கழற்ற வேண்டிய சாமான் குறைவு. ஸ்விங் ஆர்ம் பிவட்டிலிருந்து (பின்சக்கரத்தைத் தாங்கும் கை ஃபிரேமில் மாட்டும் கீல்) ஆக்ஸிலின் இரு முனைக்கும் உள்ள தூரம் 2 மி.மீ.க்குள் ஒத்துப்போக வேண்டும். அதைத் தாண்டினால் வண்டி ஒரு பக்கமாக நடக்கும், செயினின் உள்பட்டை ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று தேயும். செயின் தளர்வு 25-30 மி.மீ., ஆள் உட்கார்ந்த நிலையில் பார்க்க வேண்டும்.

145/80 ஆர்12 கார் டயரின் விட்டம் சுமார் 537 மி.மீ. கழற்றிய 140/70-17-க்கு 628. அதாவது கியர் 15 சதவீதம் குட்டையாகிறது, அதே இன்ஜின் சுற்றுக்கு வண்டி போகும் தூரம் அவ்வளவு குறைகிறது. கூடிய எடைக்கு அது நல்லதே, ஸ்ப்ராக்கெட்டை மாற்ற வேண்டாம். 70-75 கி.மீ. வேகத்துக்கு மேல் இன்ஜின் சத்தம் உறுத்தும். அதற்கு மேல் போக இந்த ரோடுகளில் இடமும் இல்லை. டயரில் எழுதியிருக்கும் காற்றழுத்தத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். அது காரின் எடைக்கு. இங்கே ஒரு பின்டயரில் வருவது 130 கிலோ சொச்சம். 18-20 பி.எஸ்.ஐ. போதும். 30 அடித்தால் நடுப்பட்டை மட்டும் தேயும், வேகத்தடையில் முதுகு பேசும்.

பெரும்பாலான மாற்றங்கள் சொதப்புவது பிரேக்கில். ஒரு காலிப்பருக்கு (டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) என்று அளந்த மாஸ்டர் சிலிண்டர் (பெடலிலிருந்து பிரேக் ஆயிலைத் தள்ளும் பம்பு) இரண்டு காலிப்பரை நிரப்பாது. பெடல் கடைசிவரை போகும். மெக்கானிக் காற்று எடுத்துக்கொண்டே இருப்பார், காற்றே இருக்காது. பழைய பிஸ்டன் 12.7 மி.மீ. என்றால் 15.9 மி.மீ. போட வேண்டும், பரப்பு ஒன்றரை மடங்குக்குச் சற்றுமேல் கூடும். பெடல் கொஞ்சம் கெட்டியாகும், அது இயல்பு. வலது கால் வலுவில்லாதவருக்கு இதையே இடது கைப்பிடியில் கிளட்ச்சுக்குக் கீழே இரண்டாவது லீவராகக் கொண்டுவரலாம். பார்க்கிங் பிரேக் தனியாக, கேபிளில், கட்டாயம். சைடு ஸ்டாண்டு இல்லாத வண்டியைக் கியரில் மட்டும் விட்டுப் போனால் பேச்சிப்பாறை ஏற்றத்தில் மெதுவாகப் பின்னால் உருளும்.

ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பழைய சக்கரத்தோடு, சக்கர வேகத்தை அளக்க உதவும் பல் வைத்த சென்சார் வளையமும் போய்விடும். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்சக்கர ஏ.பி.எஸ்.சும் சேர்ந்து நின்றுபோகும். பழைய வளையத்தைப் புது ஆக்ஸிலில் மாட்டினாலும் தீராது. சிறிய டயர் 17 சதவீதம் வேகமாகச் சுற்றுவதால், பின்சக்கரம் எப்போதும் வழுக்குகிறது என்று மாட்யூல் முடிவுகட்டும். பல் எண்ணிக்கையை அதே விகிதத்தில் குறைத்து வளையம் வெட்ட வேண்டும்: 100 பல் இருந்தால் 85 அல்லது 86. அதை டிஃபரன்ஷியல் கேரியரில் (செயின் சுற்றும் வெளிக்கூடு) மாட்டுங்கள். இரண்டு சக்கர வேகத்தின் சராசரி அங்கேதான் கிடைக்கும், வளைவில் பிழை வராது. ஸ்பீடோ மீட்டர் பின்சக்கரத்திலிருந்து எடுக்கிறது என்றால் இதே வளையத்தால் அதுவும் சரியாகிவிடும்.

ஸ்டியரிங் கனமாக இருக்கும், மிகவும். பைக்கின் முன்சக்கரச் சாய்வு, சாய்ந்து திரும்புவதற்கென்றே அமைந்தது. சாயாத வண்டியில் அதே அமைப்பு கையை முறுக்கும். டிரிப்பிள் கிளாம்ப்பை (முன் ஃபோர்க்கைப் பிடிக்கும் தகடுகள்) 4-5 டிகிரி மாற்றினால் பாதி இலகுவாகும். ஆனால் அது கட்டியான அலுமினியத்தில் கடைந்ததாக இருக்க வேண்டும். பழையதை அறுத்து வெல்டு வைத்துத் தர ஆள் இருக்கிறார்கள். முன்சக்கரம் முழுவதும் தொங்குவது அந்த வெல்டில்தான், வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் 8-10 செ.மீ. அகலம் கூடிய ஹேண்டில்பாரும் ஒரு ஸ்டியரிங் டேம்பரும் (ஹேண்டில் ஆட்டத்தை அடக்கும் கருவி) போட்டு ஓட்டலாம். 20-40 வேகத்தில் ஹேண்டில் படபடவென்று ஆடினால் டேம்பரைக் குறை சொல்லும் முன், ஹேண்டில் திரும்பும் கோன் பேரிங்கைப் பாருங்கள். பைக்கில் இருந்ததைவிட வெகு சீக்கிரம் அது குழிவிழும்.

ஓட்டும்போது பைக் பழக்கம்தான் எதிரி. பைக்காரர் வலப்பக்கம் போக வலது கைப்பிடியைத் தள்ளுவார். இதில் அப்படிச் செய்தால் வண்டி இடப்பக்கம் போகும். சிக்னலில் காலை ஊன்றும் பழக்கம் இருந்தவர் ஊன்றினால் பின்சக்கரம் பாதத்தில் ஏறும். ஃபுட்போர்டுக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடு வைத்துவிடுங்கள்.

கவிழும் கணக்கு இது: பின்தடம் (இரண்டு பின்சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலம்) 1 மீட்டர், எடையில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், ஆளோடு எடைமையம் 65 செ.மீ. உயரம் என்று வைத்தால், 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் 25 கி.மீ. வேகத்திலேயே உள்சக்கரம் தூக்கும். 25 மீட்டர் வளைவில் 40. வளைவுக்குள் பிரேக் பிடித்தால் எடை முன்னால் ஓடி இந்த வரம்பு இன்னும் குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் கொன்றுவிட்டு, உள்ளே லேசாக ஆக்ஸிலேட்டரில் போக வேண்டும். கோதையாறு ரோட்டில் இதைத் தவிர வழியில்லை. சாமான் பெட்டி சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் வேண்டாம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே ஆக்ஸில் மட்டத்தில் இருக்கட்டும்.

பைக்கைவிட இது ஜெயிக்கும் ஓர் இடம் ஆரல்வாய்மொழி. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் ஆடிக்காற்று பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். இதில் ஹேண்டிலைக் கொஞ்சம் எதிர்த்துப் பிடித்தால் போதும். தோற்கும் இடம் குழி. பைக்காரருக்கு ஒரு தடம், இங்கே மூன்று. ஒரு குழியை முன்சக்கரம் தப்பினால் பின்சக்கரம் ஒன்று இறங்கும். அதோடு, லாரி ஓட்டத்தில் எண்ணெய் சொட்டுவது லேனின் நடுக்கோட்டில், நம் முன்சக்கரம் போவதும் அதே கோட்டில். தேசிய நெடுஞ்சாலை 66-இல் முதல் மழைக்கு இதை மறக்கக் கூடாது. சானல் (கால்வாய்) கரை ரோடுகளில் எதிரே ஆட்டோ வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. ரிவர்ஸ் வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் வகை ரிவர்ஸை ஒருமுறைக்கு 10 விநாடிக்கு மேல் அழுத்தினால் 8 ஆம்பியர்-மணி பேட்டரி தாங்காது. பெரிய பேட்டரிக்கு முதலிலேயே இடம் விடுங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மீன் வண்டிகள் சொட்டும் உப்புத்தண்ணீர் கீழிருந்து தெறித்து வெல்டு ஓரங்களில்தான் முதலில் துரு பிடிக்க வைக்கும். குழாய் ஃபிரேமின் திறந்த முனைகளை மூடி வெல்டு வைத்து, எபாக்சி பிரைமருக்குப் பிறகே பெயிண்ட் அடிக்கச் சொல்லுங்கள். கடற்கரை ஓட்டம் முடிந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவ வேண்டும். ஹப் பேரிங்குகளின் ஆயில் சீலை மழைக்காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள், கிழியும்வரை காத்திருந்தால் பேரிங்கும் போகும். முன்டயர் இரண்டு தோளும் தேயாமல் நடு தட்டையாகித் தீரும். ஓரத்தில் பட்டன் மிச்சம் இருக்கிறதே என்று ஓட்டினால் ஈரத்தில் திரும்பாது. மைலேஜ் கால்வாசிக்குச் சற்றுமேல் குறையும். கடைசியாக, வீட்டு கேட்டை அளந்துவிட்டுத் தடத்தின் அகலத்தை முடிவு செய்யுங்கள்: 1 மீட்டர் தடத்துக்கு மட்கார்டு முனைவரை 1.2 மீட்டர் ஆகும், வளைத்து நுழைக்க இரு பக்கமும் ஒரு சாண் வேண்டும்.