சிங்கப்பூர் பயணக் குறிப்பு: இன்குபேட்டர் பக்கத்து மானிட்டர்

இந்த முறை விடுமுறையில் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் போனதைவிட, உறவுக்காரர் வீட்டுக் குறைமாதப் பிள்ளை இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனதுதான் அதிகம். 28 வாரத்தில் பிறந்த குழந்தை. பெர்த்தில் எனக்கும் இதே பிரிவில்தான் தாதி வேலை என்பதால் வீட்டார் எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "திரையில மூச்சு 52ன்னு ஓடுது, அப்புறம் ஏன் அலாரம் அடிக்குது?"

நியாயமான கேள்வி. நெஞ்சில் ஒட்டியிருக்கும் மூன்று எலக்ட்ரோடுகளும் (கம்பி இணைத்த சின்ன ஒட்டுகள்) இதயத் துடிப்பைப் பார்க்கும் ஈசிஜிக்கானவை. அவற்றில் இரண்டுக்கு நடுவே, குழந்தைக்குத் தெரியாத அளவு சன்னமான மின்னோட்டத்தை மானிட்டர் அனுப்புகிறது. நெஞ்சு விரிந்து சுருங்கும்போது மின்தடை ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அது மூச்சென்று எண்ணுகிறது. தொண்டை மடங்கி அடைத்துக்கொண்டால் காற்று போகாது, ஆனால் நெஞ்சும் வயிறும் மாறி மாறி இழுத்துக்கொண்டே இருக்கும். திரையில் 52 அப்படியே நிற்கும். முதலில் காட்டிக்கொடுப்பது ஆக்சிஜன் அளவும் இதயத்துடிப்பும்தான். இன்னொரு ஏமாற்றும் உண்டு: மூச்சு முழுக்க நின்றபோது இதயம் அசைவதையே மூச்சாக எண்ணிவிடும். மூச்சு எண்ணும் துடிப்பு எண்ணும் ஒன்றாக 130, 140 என்று ஓடினால் சந்தேகப்பட வேண்டும்.

எலக்ட்ரோடைக் காறை எலும்பை ஒட்டி மேலே வைத்தால் திரையில் மூச்சு அலை சிறுத்துவிடும். அக்குளுக்குக் கீழே, பக்கவாட்டில் இரண்டு புறமும் ஒட்டினால் நன்றாக வரும். கழற்றும்போது ஈரப் பஞ்சால் நனைத்து மெதுவாக உரிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் தோலும் கூடவே வந்துவிடும்.

பாதத்தில் சுற்றியிருக்கும் சிவப்பு விளக்கு ஆக்சிஜன் சென்சார். விளக்கும் எதிரே உள்ள உணரியும் நேருக்கு நேர் இருக்க வேண்டும். மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கு போட்டிருந்தால் மேலே துணி மூட வேண்டும், இல்லையேல் எண் தாறுமாறாகும். இது சில விநாடிகளின் சராசரியைக் காட்டுவதால் மூச்சு நின்று கொஞ்சம் கழித்தே எண் இறங்கும். ஆக்சிஜன் கொடுக்கும் குறைமாதக் குழந்தைக்கு 90 முதல் 95 சதவீதம் வரை போதும். 100ஐப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், விழித்திரைக்குக் கெடுதல்.

பாட்டியைப் பதறவைத்தது மூன்றாவது சென்சார். தோல் வழியே கார்பன் டை ஆக்சைடை அளப்பது. வேலை செய்ய அது 41 முதல் 43 டிகிரி வரை சூடாக வேண்டும். எடுத்த இடத்தில் காசு அளவில் சிவப்பு வட்டம். "பிள்ளைக்குச் சூடு போட்டுட்டாங்களா?" இல்லை. சில மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் வட்டம் தானே மங்கிவிடும். மாற்ற மறந்தால்தான் புண். சென்சாரைத் தோலோடு ஒட்டிவைக்கும் வளையம் தூக்கிக் காற்று புகுந்தால் எண் திடீரென்று பாதாளத்துக்குப் போகும். அது குழந்தையின் கோளாறு இல்லை.

பணிவிடையில் குறை சொல்ல ஒன்றே ஒன்று: முதல் நாள் விளக்கமெல்லாம் ஆங்கிலத் துண்டுத்தாளில்தான் கிடைத்தது. மறுநாள் ஷிஃப்டுக்கு வந்த தமிழ்த் தாதி, "பாட்டி, திரைய விடுங்க, வயித்தப் பாருங்க" என்று சொன்ன ஒரு வரி அந்தத் தாளை விட உதவியது. அலாரம் அடித்ததும் அங்கே யாரும் பொத்தானுக்கு ஓடவில்லை. முதலில் குழந்தையின் நிறம், பிறகு வயிற்றசைவு. அசைவில்லையென்றால் உள்ளங்காலை வருடுவார்கள். எத்தனை விநாடி, நீலம் பாரித்ததா, தானாக மீண்டதா, தொட்ட பிறகா என்று உடனே குறித்துக்கொண்டார்கள். மூச்சு 20 விநாடி நின்றாலும், அதற்குக் குறைவாக நின்று துடிப்போ ஆக்சிஜனோ இறங்கினாலும் கணக்கில் சேரும். ஐந்து விநாடி நிறுத்தி மறுபடி வேகமாக இழுப்பது குறைமாதக் குழந்தைகளின் வழக்கம்.

கட்டணம் பற்றி ஒரு வரி: குழந்தை குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்தான் மெடிஷீல்டு லைஃப் என்ற சிங்கப்பூர் அரசின் மருத்துவக் காப்பீடு உதவும்.

காலுறை மாதிரி மாட்டும் வீட்டுக் கருவி வாங்கலாமா என்று சித்தப்பா இரண்டு தரம் கேட்டார். தூக்கத்தில் குழந்தை திடீரென்று இறந்துபோகும் தொட்டில் மரணத்தைத் தடுக்க அவற்றை நம்ப வேண்டாம் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னேன். தலையணையையும் எடுத்துவிடச் சொன்னேன்.